காலால் வாசிக்கும் கிட்டார்

கொட்டகலையில் உள்ள என் தையல் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது சட்டை எப்போது முடியும் என்று. அடுத்துக் கேட்பது, மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிறதே, அது என்ன மெஷின் என்று. பட்டன் துளை போடுகிற மெஷின் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனவள் நான். கிட்டார் என்று உண்மையைச் சொன்னால் நம்புவதில்லை. கிட்டாருக்கு நாலு கால் ஏது, மிதி ஏது என்று என்னிடமே வாதாடுவார்கள்.

துணியை எடுத்தால் அது ஒரு ஒடுங்கிய மேசை மாதிரி இருக்கும். நீளமான மரப்பலகை, அதன்மேல் பத்துக் கம்பி, நாலு இரும்புக் கால். கீழே வரிசையாக மூன்று மிதிகள். பலகைக்கு அடியில், முழங்கால் படுகிற இடத்தில், இரண்டு தட்டுகள் தொங்கும். விரலால் கம்பியை அமுக்குவதில்லை. இடது கையில் ஒரு உருளை இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். மிதியை மிதித்தால் அடியில் இருக்கும் ஒரு குச்சிக் கம்பி இழுபட்டு, மேலே ஒலிக்கிற சுரம் ஏறும். விட்டால் இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் படி வைத்து அல்ல, மனிதக் குரல் ஏறி இறங்குவது போலவே. பெடல் ஸ்டீல் கிட்டார் என்று பெயர். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அது என்னைவிட மூத்தது.

இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு அது எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். நுவரெலியாவில் ஒரு பழைய ஹோட்டலில். அறைகளைப் புதுப்பிக்கிறார்கள், திரைச்சீலைக்கு அளவெடுக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். பழைய திரைகளைப் பார்க்கலாம் என்று ஸ்டோர் அறைக்குப் போனேன். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் இது நின்றுகொண்டிருந்தது. ஒரு காலத்தில் அங்கே பாட்டுக் குழு ஒன்று இருந்ததாம், வாசித்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம், ஸ்டோர்காரர் சிங்களத்தில் சொன்னார். பழைய இரும்புக்காரன் வந்தால் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார்.

நான் சும்மாதான் அதன் முன்னால் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் கால் தானாக மிதிக்குப் போனது. முழங்காலைப் பக்கவாட்டில் தள்ளினேன், தட்டு நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். பத்தொன்பது வயதில் நான் கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸுக்குப் போனவள். ஏழு வருடம் அங்கே சட்டைக் காலர் தைத்தேன். அந்த மெஷின்களில் பாதத்தால் மிதித்தால் ஊசி ஓடும். முழங்காலால் ஒரு தட்டைப் பக்கவாட்டில் தள்ளினால், துணியை அமுக்கியிருக்கும் பாகம் தூக்கிக்கொள்ளும். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது மீதி வேலை எல்லாம் காலுக்கும் முழங்காலுக்கும்தான். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என் முழங்கால் அந்தத் தட்டைத் தள்ளியிருக்கும், யாருக்குத் தெரியும்! அந்த ஏழு வருடத்தில் எனக்கு மிஞ்சியது முதுகுவலி மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஹோட்டல் ஸ்டோரில் அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் கால் ஒரு வித்தையைப் படித்துவிட்டு, அதற்கு ஏற்ற சாமானைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறது.

இரும்புக்காரனுக்குக் கொடுப்பதை எனக்கே கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். கழற்றி, அதன் நீளப் பெட்டியில் போட்டு, பஸ்ஸில் ஏற்றினேன். இரண்டு பேர் தூக்கினால்தான் அசைகிற பாரம். கண்டக்டர் தம்பி பெட்டியைப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ளுக்கு ஆள் இருந்தா அவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. நான் அவனை முறைத்தேன், ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என் கணவர் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெஷின் திருத்துகிறவர். எங்கள் வீட்டில் பங்கு பிரித்தாகிவிட்டது. கோபம் எனக்கு, பக்தி அவருக்கு. நான் கத்துகிற நேரத்தில் அவர் திருநீறு பூசிக்கொண்டிருப்பார். கடையில் வைத்து கிட்டாரைப் பூட்டிக் கொடுத்தவரே அவர்தான். அடியில் இருந்த குச்சிக் கம்பிகளையும் சுருள்களையும் பார்த்து, "செஞ்சவன் மூளக்காரன்" என்று வியந்தார். கம்பிமேல் வழுக்குகிற இரும்பு காணாமல் போயிருந்தது. பெக்டரியில் கழித்துப்போட்ட எவர்சில்வர் தண்டு ஒன்றை வெட்டி, ஒரு வாரம் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் சரி. நான் உட்கார்ந்து மிதிமேல் காலை வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"வாத்தியம் புள்ள. காலால மிதிக்கலாமா?"

"அப்ப தலையாலயா மிதிக்க ஏலும்?"

நான் வாசித்து எழுந்தபின் அவர், யாரும் பார்க்காத நேரம் பார்த்து, குனிந்து மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அது போல. எனக்காக மன்னிப்புக் கேட்கிறாராம். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். பார்த்தால் சண்டை வரும்.

போனில் வீடியோ பார்த்துத்தான் படித்தேன். இங்கிலீஷில் பேசுவார்கள், பாதி புரியாது. கால் செய்வதைப் பார்த்தால் போதும் எனக்கு. மழைக்காலத்தில் ஈரத்துக்குக் கம்பி துருப்பிடிக்கும், குளிருக்குச் சுருதி இறங்கும். ஒவ்வொரு நாளும் கடை சாத்துமுன் ஒரு மணி நேரம். முதல் வருடம், பக்கத்துப் பேக்கரிக்காரர் வந்து, "அக்கா, பூனைக்கு என்னமும் ஆயிருச்சா?" என்று கேட்டார். இரண்டாவது வருடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வருடம் ஒரு நாள் நான் வாசிக்காமல் போனபோது, "இன்னிக்கு ஏன் சத்தத்தக் காணோம்?" என்றார். அதைவிட ஒரு பட்டம் வேண்டுமா?

ஒரு நத்தாருக்கு, கிறிஸ்மஸ் இரவில், அதே ஹோட்டலில் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் திரும்பி வருகிற வழியில் மனசு ஒரு மாதிரி இருந்தது. என்னை யார் என்றே தெரியாதவர்கள் கேட்டுவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருத்தர்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. "கார்மென்ட்ஸுக்குப் போய் வந்தவ, என்னமோ இரும்புச் சாமான் ஒன்னு வச்சிக் காலாட்டிக்கிட்டு இருக்கா" என்பதுதான் அங்கே என்னைப் பற்றிய பேச்சு. காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று வேறு எங்கள் பக்கம் ஒரு சாஸ்திரம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், எங்கள் சனம் முன்னால், ஒரு தடவை வாசிக்க வேண்டும். அந்த ஆசை வந்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பொய். நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் ராட்டினம் மாதிரி அதுவே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

நவராத்திரி முடிவில், விஜயதசமி அன்று, எங்கள் மண்டபத்தில் வாணி விழா வைப்பார்கள். பிள்ளைகள் ஆடுவார்கள், பாடுவார்கள். போன வருடம் அதில் வாசிக்க அனுமதி கேட்டுக் கோயில் கமிட்டிக்குப் போனேன். கமிட்டித் தலைவர் ஒரு காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் கண்டாக்காக, வேலை மேற்பார்க்கிறவராக இருந்து மலை முழுக்க ஆட்களை மேய்த்தவர். குரலை உயர்த்தாமலே ஆளை நிறுத்திவிடுவார்.

"தங்கச்சி, நீங்க வாசிக்கிறதுல ஒன்னும் இல்ல. வாசிங்க. ஆனா சரஸ்வதி முன்னால வச்சி வாத்தியத்த மிதிக்கிறதுதான் யோசனையா இருக்கு."

"தையல் மெஷினையும் மிதிக்கத்தானே செய்றேன்? அதுக்கும்தான் பொட்டு வைக்கிறோம்."

"மெஷின் வேற, வாத்தியம் வேற."

"அப்ப நான் இத மெஷின்னு சொல்லிர்றேன். சரியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது சும்மா சொன்ன சொல் இல்லை. எனக்குச் சூடு ஏறத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அந்த நேரத்தில், கமிட்டிக் கூட்டத்தில் வாயே திறக்காத என் கணவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"பூசையில வச்சி எடுத்தா குத்தம் போயிரும்தானே, தலைவர்?"

தலைவர் சம்மதமாகத் தலையை ஆட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லோரும் புத்தகம் வைக்கும்போது கிட்டாரையும் கொண்டுவந்து சரஸ்வதி முன்னால் வைக்க வேண்டும். சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை பண்ண வேண்டும். விஜயதசமி காலையில் எடுக்க வேண்டும். பின்னேரம் வாசிக்கலாம். பூசையில் வைத்ததை அதற்கிடையில் யாரும் தொடக்கூடாது, அது எங்கும் உள்ள வழக்கம். நான் சந்தோஷத்தில் வீடு வரைக்கும் என் கணவரோடு பேசிக்கொண்டே வந்தேன். அவரும், "நான் எல்லாத்தையும் பாத்துக்கிறேன்" என்றார்.

எனக்குத் தீபாவளித் துணி கழுத்தளவு குவிந்திருந்தது. வாணி விழாவில் ஆடுகிற பிள்ளைகளின் பாவாடைகள் வேறு. கிட்டாரை த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றி அவரோடு அனுப்பிவிட்டேன். அனுப்பும்போது நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "சந்தனத்த ஒழுங்கா வையுங்க. ஏனோதானோன்னு வேணாம். தலைவர் கண்ணுல படணும்." ஆகவே நடந்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அன்று மட்டும் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

விஜயதசமி காலையில் மண்டபத்துக்குப் போனேன். ஒரு பக்கம் சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்து அரிசியில் எழுத்துப் போட வைத்துக்கொண்டிருந்தார்கள். கிட்டாரைப் பார்த்ததும் முதலில் எனக்கு அழகாகத்தான் இருந்தது. பூச்சரம் சுற்றி, மஞ்சளும் சிவப்புமாகக் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. உட்கார்ந்து, முதல் மிதியை மிதித்தேன்.

அசையவில்லை.

இரண்டாவது மிதியும் அசையவில்லை. மூன்றாவது அரைவாசி இறங்கி அப்படியே நின்றுவிட்டது, மேலே வரவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன். அடி முழுக்கச் சந்தனம்.

பெக்டரியில் ஆயுத பூசைக்கு மெஷின்களுக்குச் சந்தனம் வைப்பவர் என் கணவர்தான். கொழுந்து அரைக்கிற ரோலரிலிருந்து அடுப்பு வரைக்கும், ஒரு நட்டு விடாமல் வைப்பார். ஒன்று விடுபட்டால் அந்த மெஷினில் அந்த வருடம் ஆள் அடிபடும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். அந்த ரோலர்களுக்கு ஒரு வாளிச் சந்தனத்தை ஊற்றினாலும் மறுநாள் சுற்றும்போது தூக்கி எறிந்துவிடும். அதே கையால், அதே சிரத்தையோடு, என் கிட்டாரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, அடியில் இருக்கும் ஒவ்வொரு குச்சிக்கும், ஒவ்வொரு சுருளுக்கும், ஒவ்வொரு மூட்டுக்கும் சந்தனம் வைத்திருக்கிறார். ஒழுகாமல் இருக்கட்டும் என்று கெட்டியாகக் குழைத்து. கம்பிகள் வந்து மாட்டுகிற இடத்தில் பத்து இரும்பு விரல்கள் நெருக்கமாக நிற்கும், காகிதம் நுழைகிற இடைவெளிதான் இருக்கும். அந்தப் பத்துக்கும் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். இரண்டு நாள் குத்துவிளக்குச் சூட்டில் எல்லாம் சீமெந்தாக இறுகியிருந்தது.

"இது என்னா, ஒங்க பெக்டரி ரோலரா?" என்று கத்தினேன். அரிசியில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. "கேக்க வாய் இல்லையா? ஒரு வார்த்தை கேட்டா என்னா? மூனு வருசம்! மூனு வருசம் நான் பட்ட பாட்டுக்குச் சந்தனத்தப் பூசி மூடிட்டீங்களே!"

அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை பேருக்கு முன்னால் அப்படிக் கத்தியதற்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன். அப்போது தலைவர் வந்தார். பார்த்தார். மெதுவாகச் சொன்னார்.

"சாமிக்கே விருப்பமில்ல போல இருக்கு, தங்கச்சி. அடுத்த வருசம் பாப்போம்."

கத்தலாம், சண்டை போடலாம், ஆனால் அதற்கு என்ன பதில் சொல்வது? பதில் சொன்னது என் கணவர்.

"பின்னேரம் நாலு மணிக்குத்தானே, தலைவர்? நேரம் இருக்கு." சொல்லிவிட்டு பெக்டரிக்கு ஓடினார். ஐம்பத்திரண்டு வயது மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓடினார்.

மண்டபத்துக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று உண்டு. கிட்டாரைத் தலைகீழாக ஒரு மேசையில் கவிழ்த்தோம். மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பழைய பல் பிரஷ், என் ஊசிப் பெட்டி. குச்சிகளைக் கழற்றினால் எது எங்கே போகும் என்று தெரியாமல் போய்விடும் என்று பயந்தேன். ஆகவே ஒவ்வொரு குச்சியிலும் ஒரு நிற நூல் கட்டினேன், அது மாட்டுகிற இடத்திலும் அதே நிறம். பச்சைக்குப் பச்சை, ஊதாவுக்கு ஊதா. அவர் கழற்றிக் கொடுப்பார், நான் ஊசியால் சந்தனத்தைக் கிளறி எடுத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பேன். கோபத்தில் முதல் ஒரு மணி நேரம் நான் பேசவில்லை. பிறகு, "அந்தச் சிவப்பு நூலக் குடு" என்றார். கொடுத்தேன். அதற்குமேல் கோபத்தை எவ்வளவு நேரம்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது?

பத்து விரலும் விடுபட்டுவிட்டன. இரண்டாவது மிதியும் மூன்றாவதும் வேலை செய்தன. முதல் மிதி மட்டும் மசியவில்லை. அதன் குச்சியை இழுக்கிற சின்ன வளைவுத் துண்டு, தண்டோடு ஒட்டிப் போயிருந்தது. "மெதுவா" என்றேன். மெதுவாகத்தான் குறட்டால் பிடித்துத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். பழைய வார்ப்பு இரும்பு. இரண்டாக உடைந்துவிட்டது.

உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய் அது குரங்காய் முடிந்ததும் அல்லாமல், அந்தக் குரங்கும் உடைந்துபோன கதை. நான் இன்னொரு முறை கத்துவேன் என்று நினைத்திருப்பார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். முப்பது வருடமாக ரோலருக்கடியில் படுத்து நட்டு முறுக்கின கை. எனக்குக் கத்த வரவில்லை. அழுகைதான் வந்தது. பிறகு ஒரு மாதம் மெனக்கெட்டு அதே அளவில் பித்தளையில் ஒன்று வெட்டிப் போட்டார், இன்றும் அதுதான் இழுக்கிறது. ஆனால் அன்று மணி இரண்டரை. பித்தளைக்கு எங்கே போவது?

"மத்த ரெண்டு மிதிய வச்சி வாசிக்க ஏலாதா?" என்று கேட்டார்.

ஏலாது. நான் வாசிக்க இருந்தது எங்கள் தோட்டத்துப் பெண்கள் பூசையில் கூடிப் பாடுகிற ஒரு மெட்டு. ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரலை இழுத்து மேலே ஏற்றுவார்கள். அந்த ஏற்றம் முதல் மிதியில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வாசித்தால் உப்புப் போடாத குழம்பு. விட்டுவிடலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கிட்டாரை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, அடியில் புகுந்து தரையில் குந்திக்கொண்டார். சின்ன ஸ்பானர் ஒன்றைக் குச்சியில் கொளுவினார்.

"இப்ப மீட்டு."

மீட்டினேன். அவர் ஸ்பானரை இழுத்தார். சுரம் ஏறியது. விட்டார், இறங்கியது. மிதித்தால் எப்படியோ அப்படியே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சரி, எப்ப இழுக்கணும், எவ்வளவு இழுக்கணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மிதி இருக்கிற இடத்துக்குத் தன் தொடை வருகிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார்.

"காலை இதுல வையி. மிதிய மிதிக்கிற மாதிரியே மிதி. நீ எவ்வளவு மிதிக்கிறியோ, நான் அவ்வளவு இழுக்கிறேன்."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாய் நீளம்தான், ஊருக்கே தெரியும். ஆனால் இருபது வருடக் குடித்தனத்தில் தூக்கத்தில்கூட அவர்மேல் என் கால் பட்டால் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி படுப்பேன்.

"ஊர் முன்னாலயா? பைத்தியமா ஒங்களுக்கு?"

"இரும்ப மிதிக்கிறதுக்கே அவ்வளவு பேசுனாங்க" என்றார் அவர், மேலே நிமிர்ந்து பார்க்காமல். "நானுந்தான் பேசுனேன். வையி புள்ள. நேரம் போவுது."

வைத்தேன். முதலில் பயந்து பயந்து. "இன்னும் அமுக்கு, தெரியல" என்றார். ஐந்தாறு முறை வாசித்துப் பார்த்தோம். கொஞ்சம் பிந்தினார், பிறகு கொஞ்சம் முந்தினார். மெல்ல மிதித்தால் மெல்ல இழுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மெஷின்காரர் அல்லவா.

நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது, உள்ளே இடமில்லாதவர்கள் குடையோடு வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் நான் தைத்த பாவாடையில் ஆடி முடித்தார்கள். பிறகு என் பெயரைச் சொன்னார்கள். முழங்காலை இரண்டு பக்கமும் நகர்த்த வேண்டியிருப்பதால் உள்ளே காற்சட்டை போட்டு, அதன்மேல் தளர்த்திச் சேலை கட்டியிருந்தேன். கிட்டாரை மண்டப ஸ்பீக்கரில் கொளுவினார்கள். நான் உட்கார்ந்தேன். என் கணவர் குனிந்து அடியில் புகுந்தார்.

உடனே சிரிப்பு. "மச்சான் அடியில என்னா தேடுறாரு?" என்று ஒருவன் கத்தினான். "தாலியத் தொலச்சிட்டாங்களோ!" என்றாள் ஒருத்தி. எனக்குக் காது சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் இடது காலைத் தூக்கி அவர் தொடைமேல் வைத்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் பின் ஒருவராக நிற்கவில்லை, மொத்தமாக நின்றது. முன்வரிசையில் தலைவர் இருந்தார். அவர் பார்வை என் பாதத்தில் இருந்தது. நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தால் முடியட்டும், ஒரு அடியாவது வாசித்துவிட்டு முடியட்டும் என்று மீட்டினேன்.

முதல் ஏற்றத்தில் அவர் பிந்திவிட்டார். சுரம் தள்ளாடி ஏறியது. இரண்டாவதில் கொஞ்சம் முந்தினார். மூன்றாவதில் சரியாக வந்தது. என் பாதம் அமுங்கிய அளவுக்குச் சுரம் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, இறங்கியது. நாலாவதில் எனக்கு அவர் இழுக்கிறார் என்பதே மறந்துவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ முனகத் தொடங்கினார்கள். அது அவர்கள் மெட்டு. அவர்கள் இழுக்கிற இடத்தில் கிட்டாரும் இழுத்தது. பிறகு நாலைந்து குரல், பிறகு பெண்கள் பக்கம் முழுக்க. என்னைக் காலாட்டுகிறவள் என்று பேசின வாய்களும் அதில் இருந்தன, எனக்குக் குரல் தெரியும். கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள், ஏனென்றால் தலைவர் எழுந்து நின்றார். மெல்ல நடந்து கிட்டாருக்கு அருகில் வந்தார். நான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். என் கால் இன்னும் என் கணவர் தொடையில்தான் இருந்தது. எடுக்கலாமா என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

தலைவர் தோளில் போட்டிருந்த கம்பளிச் சால்வையை எடுத்து நாலாக மடித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து, அதை அடியில் நீட்டினார்.

"தரை சில்லுன்னு இருக்கு தம்பி. இதப் போட்டுக் குந்துங்க."

என் கணவர் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி வசதியாகக் குந்தினார். அதன்பின்தான் கைதட்டல் வந்தது, தகரக் கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் என் பாதத்தை விரலால் தட்டிக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். கழுத்தில் சந்தனமும் கையில் மண்ணெண்ணெயும் ஸ்பானருமாக இருந்தார்.

"எனக்கு ஒன்னும் வலிக்கல. இன்னொன்னு வாசி."